கைக்கு எட்டியும் கண்ணுக்கு எட்டாத பிளக்

கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றுவது பற்றி, அதிலும் கை நுழையாத இடத்தில் உட்கார்ந்திருக்கும் பிளக்குகள் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: என் காரில் வி6 எஞ்சின் குறுக்குவாட்டில் இருக்கிறது. முன்வரிசை மூன்று பிளக்குகளைக் கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டேன். பின்வரிசை மூன்றும் ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பை) ஒட்டி, சிலிண்டர்களுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் இருக்கின்றன. மேனிஃபோல்டைக் கழற்றாமல் வேலையை முடிக்க வழி உண்டா?

பதில்: சில எஞ்சின்களில் உண்டு, பலவற்றில் இல்லை. எது உங்களுடையது என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை: பிளக்கின் தலைமேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலின் போல்ட்டைக் கழற்றி, காயிலை அதன் குழியிலிருந்து நேராக உருவிப் பாருங்கள். எங்கும் இடிக்காமல் அது வெளியே வந்தால் அதே வழியில் சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் துண்டு துண்டாக உள்ளே விட முடியும். பாதியில் மேனிஃபோல்டில் முட்டி நின்றால், மேல் மேனிஃபோல்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இருக்கிற சந்தில் சாக்கெட்டைச் சாய்த்து வைத்துத் திருப்பிப் பார்க்கலாம் என்ற ஆசை வரும். பிளக்கின் வெள்ளைப் பீங்கான் உடைவது பெரும்பாலும் அந்த ஆசையால்தான்.

கழற்றுவது என்று முடிவு செய்தால், முந்தின இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஹோஸையும் கனெக்டரையும் தொடுவதற்கு முன் செல்போனில் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வழியில் நிற்பவை: ஏர் ஃபில்டரிலிருந்து வரும் குழாய், த்ராட்டில் பாடி, பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் ஹோஸ், பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இழுக்கும் வால்வு) ஹோஸ், பெட்ரோல் ஆவி வால்வின் ஹோஸ், சில வண்டிகளில் புகையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் இஜிஆர் குழாய். த்ராட்டில் பாடிக்குள் கூலன்ட் ஓடுகிற வண்டியானால் அந்த இரண்டு ஹோஸ்களையும் பிடுங்க வேண்டாம். நீளம் போதுமென்றால் த்ராட்டில் பாடியை மட்டும் கழற்றி, ஹோஸோடு பக்கத்தில் சாய்த்து வைத்துவிடலாம்.

எல்லா போல்ட்டும் கழன்றபிறகும் மேனிஃபோல்டு அசையவில்லையா? எல்லாம் கழலவில்லை என்று அர்த்தம். பின்பக்கம், ஃபயர்வாலைப் பார்த்தபடி ஒரு தாங்கு பிராக்கெட்டும் அதில் ஒன்றிரண்டு போல்ட்டும் ஒளிந்திருக்கும். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத் தேடுங்கள். ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் பிளாஸ்டிக் மேனிஃபோல்டு விரிசல் விடும்.

மேல் மேனிஃபோல்டு எழும்பியதும் கீழே ஓட்டைகள் திறந்தபடி இருக்கும். அவை நேராக வால்வுகளுக்குப் போகிற பாதை. ஒரு 6 மி.மீ. நட்டு அதில் விழுந்தால் ஒரு மதிய வேலை எஞ்சினைப் பிரிக்கிற வேலையாகிவிடும். எனவே முதல் காரியமாக ஒவ்வொரு ஓட்டையையும் பெரிய துணியால் அடையுங்கள். நூல் பிரியும் வேஸ்ட் துணி வேண்டாம். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எழுதி வையுங்கள், மூடும்முன் எண்ணி எடுங்கள். ஃபியூவல் ரெயிலையும் இன்ஜெக்டர்களையும் தொட வேண்டியதில்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் ஜிடிஐ எஞ்சினாக இருந்தால் எஞ்சின் ஓடும்போது அந்தக் குழாய்களில் அழுத்தம் 100 பாருக்கு மேல் ஏறும், நிறுத்திய பிறகும் மீதி நிற்கலாம். அவற்றைத் தளர்த்திப் பார்க்கும் எண்ணமே வேண்டாம்.

திருப்பிப் பொருத்தும்போது கேஸ்கெட் புதிது. பழைய ரப்பர் பார்க்க நன்றாக இருந்தாலும் வெப்பத்தில் தட்டையாகி இருக்கும், காற்று இழுக்கும். போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் ஏற்றி, நடுவிலிருந்து வெளிப்புறமாக, மாற்றி மாற்றி, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 8 முதல் 12 நியூட்டன் மீட்டர்தான். சரியான அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். முதல் தடவை செய்பவர் அரை நாள் ஒதுக்கிக்கொள்ளட்டும். கொசுறாக ஒன்று: மேனிஃபோல்டு வெளியே இருக்கும்போதே அதற்கு அடியில் போகிற ஹோஸ்களை அழுத்திப் பாருங்கள். மொறுமொறுத்துப் போனவற்றை அப்போதே மாற்றிவிடலாம்.

கேள்வி: பிளக்கைக் கழற்றிவிட்டேன். வெளியே இழுத்தால் எக்ஸ்டென்ஷன் மட்டும் வருகிறது, சாக்கெட் குழிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. என்ன செய்வது? என்னென்ன சாமான் வாங்கியிருக்க வேண்டும்?

பதில்: இப்போதைக்கு, எக்ஸ்டென்ஷனின் சதுர முனையில் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டி, சாக்கெட்டின் சதுர ஓட்டைக்குள் இறுக்கமாகத் தட்டி இறக்குங்கள். பிடித்துக்கொண்டு வந்துவிடும். பிளக் சாக்கெட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம் பீங்கானை இறுகப் பிடித்திருப்பதால்தான் இந்தத் தொல்லை. காந்தம் வைத்த சாக்கெட்டில் இது குறைவு. பூட்டிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் கிடைத்தால் இன்னும் நிம்மதி.

அளவைப் பொறுத்தவரை இன்றைய கார்களில் மிகுதியாக இருப்பது 16 மி.மீ. சாக்கெட். பழைய எஞ்சின்களில் 21 மி.மீ. பிஎம்டபிள்யூ, மினி, நிசானின் பிற்கால எஞ்சின்கள் சிலவற்றில் 14 மி.மீ., அதுவும் பன்னிரண்டு முனை. இந்த 14 மி.மீ. சாக்கெட்டின் சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த சாக்கெட் குழிக்குள் இறங்காது.

எட்டாத இடத்துக்கு 75, 150, 250 மி.மீ. என மூன்று நீளத்தில் எக்ஸ்டென்ஷன், தலை மடங்கும் ராட்செட், ஒரு யூனிவர்சல் ஜாயின்ட் ஆகியவை இருந்தால் போதும். யூனிவர்சல் ஜாயின்ட்டின் குறை, அது எல்லாப் பக்கமும் தொளதொளவென்று ஆடுவது. அதன்மேல் நாலைந்து சுற்று டேப் சுற்றிவிட்டால் விறைப்பாக நிற்கும், வேண்டிய அளவுக்கு மட்டும் வளையும். சாக்கெட்டோடு ஒரே துண்டாக வரும் ஸ்விவல் சாக்கெட் நீளம் குறைவு என்பதால் சந்துக்கு அதுவே மேல். எதுவானாலும் வளைவு 15, 20 டிகிரியைத் தாண்டினால் விசை பக்கவாட்டில் போய்ப் பீங்கானை ஒடிக்கும்.

ஓரடி நீள ரப்பர் ஹோஸ் ஒன்றையும் மறக்காதீர்கள். பிளக்கின் மேல்முனையில் இறுக்கமாக நுழையும் அளவு, உள்விட்டம் சுமார் 8 மி.மீ. இதுதான் இந்த வேலையில் மிக மலிவான கருவி, மிக முக்கியமானதும் கூட. ஏன் என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: கழற்றுவது சுலபமாக இருந்தது. புதியதை ஏற்றும்போது மரை சரியாகப் பிடித்ததா என்று தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத குழியில் இதை எப்படி உறுதி செய்வது?

பதில்: உண்மையில் சிரமமான பகுதி இதுதான். கழற்றும்போது தப்பு செய்தால் பெரும்பாலும் பிளக்தான் போகும். ஏற்றும்போது தப்பு செய்தால் பிளக் ஏறி உட்காரும் ஹெட், அதாவது எஞ்சினின் தலைப்பகுதி, போகும். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. குறுக்கு மரை ஏறினால் யார் தோற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில், புதிய பிளக் இறங்கும் முன் குழியின் அடியைப் பாருங்கள். பழைய பிளக்கின் வாஷர் அதோடு வந்துவிட்டதா? சில நேரம் அது ஹெட்டிலேயே ஒட்டி நின்றுவிடும். அதன்மேல் புதிய வாஷர் உட்கார்ந்தால் இரட்டை வாஷராகி, பிளக் உயரமாக நிற்கும், அழுத்தம் கசியும்.

பிறகு பிளக்கின் மேல்முனையை ஹோஸில் செருகி, குழிக்குள் நேராக இறக்குங்கள். அடியில் தட்டியதும் முதலில் இடது பக்கமாக, அதாவது கழற்றும் திசையில், மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் பிளக் துளி கீழே இறங்கி 'டிக்' என்று விழுவது விரலுக்குத் தெரியும். மரையின் தொடக்கம் அங்கேதான். அங்கிருந்து வலது பக்கமாகத் திருப்புங்கள். மரை சரியாகப் பிடித்தால் ஹோஸாலேயே ஐந்தாறு சுற்று வழுக்கிக்கொண்டு போகும். குறுக்காகப் போனால் ஒன்றரைச் சுற்றிலேயே இறுகி, பிளக் நின்று ஹோஸ் மட்டும் வழுக்கும். ஹோஸின் அருமை அதில்தான்: மரையைக் கெடுக்கிற அளவுக்கு அதற்கு வலுவே கிடையாது. ராட்செட்டுக்கு உண்டு. மரை பிடிக்கும்வரை ராட்செட்டைக் கையில் எடுக்காதீர்கள்.

ஹோஸ் போகாத சந்தில் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் மட்டும், இரண்டு விரலால். பிளக் முழுவதும் அடியில் உட்காரும்வரை விரல் பலம் போதுமானதாக இருக்க வேண்டும். வழியில் கடினப்பட்டால் வெளியே எடுத்து மரையைத் துடைத்து மறுபடி தொடங்குங்கள். தம் பிடித்துத் திருப்புகிற நிலை வந்தால் ஏதோ தவறு.

கேள்வி: எவ்வளவு இறுக்கம்? இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் அந்த இடுக்கில் நுழையவே இல்லை.

பதில்: டார்க் ரெஞ்ச் நுழைந்தால், அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. மரை பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12. வாஷர் இல்லாமல் அடிப்பகுதி கூம்பாக இருக்கும் 14 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 20. இவை பொதுவான அளவுகள். உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் அதுவே சரி.

நுழையாவிட்டால் கோணக் கணக்கு. பிளக் அடியில் உட்கார்ந்து விரலுக்கு மேல் திரும்பாத நிலையிலிருந்து எண்ணுங்கள். வாஷர் உள்ள புதிய 14 மி.மீ. பிளக்கை அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை. அந்த வாஷர் மடிந்து நசுங்குவதற்கான தூரம் அது. திருப்பும்போது முதலில் மெத்தென்று போய்ப் பிறகு கெட்டிப்படுவது கைக்குத் தெரியும். ஏற்கெனவே நசுங்கிய வாஷரோடு அதே பிளக்கை மறுபடி போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று, அதாவது கடிகார முள் ஒரு மணி நகரும் அளவு மட்டும். கூம்பு அடிப் பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்று. ராட்செட் கைப்பிடியின் தலையில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால் எண்ணுவது எளிது.

குறைவாக இறுக்கினாலும் ஆபத்து உண்டு. பிளக்கின் சூடு மரை வழியாகவும் அடிப்பகுதி வழியாகவும்தான் ஹெட்டுக்குக் கடக்கிறது. தளர்ந்த பிளக் சூட்டை இறக்க முடியாமல் முனை எரிந்து வெளுக்கும். நாளடைவில் மரையையும் ஆட்டி ஆட்டிக் கெடுக்கும்.

கேள்வி: அடுத்த தடவை சுலபமாகக் கழல வேண்டும் என்று மரையில் கிரீஸ் அல்லது ஆன்ட்டி சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கப் பூசும் பசை) தடவலாமா?

பதில்: வேண்டாம். இன்றைய பிளக்குகளின் மரையில் துரு பிடிக்காத, ஒட்டாத முலாம் இருக்கிறது. என்ஜிகே போன்ற தயாரிப்பாளர்கள் தடவ வேண்டாம் என்றே சொல்கிறார்கள். மரை வழுக்கினால் டார்க் ரெஞ்ச் அதே எண்ணைக் காட்டும்போது உண்மையில் பிளக் அதைவிட அதிகமாக இறுகியிருக்கும். உடல் நீண்டு, கழுத்தில் ஒடியும். மேனுவலே தடவச் சொல்கிற சில வண்டிகள் உண்டு. அங்கு மட்டும் இறுக்க அளவும் அதற்கேற்பக் கொடுத்திருப்பார்கள்.

கிரீஸ் போட வேண்டிய இடம் வேறு: காயிலின் ரப்பர் உறைக்குள், வாய்ப்பகுதியில், சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. ரப்பர் பீங்கானில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது உதவும்.

கேள்வி: பழைய பிளக் கால் சுற்று வந்தபிறகு கிறீச் என்று சத்தம் போட்டு இறுகிவிட்டது. ராட்செட்டில் பைப் போட்டு நீட்டித் திருப்பலாமா?

பதில்: பைப்பைக் கீழே வையுங்கள். அந்தச் சத்தம், மரையில் கரியோ துருவோ அரைபடுகிறது என்பதற்கான எச்சரிக்கை. வந்த கால் சுற்றைத் திருப்பி உள்ளேயே இறுக்குங்கள். துரு நீக்கும் எண்ணெயைக் குழிக்குள் சிறிது விட்டு, குறைந்தது கால் மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, ஊற விடுங்கள். பிறகு எட்டில் ஒரு பங்கு சுற்று வெளியே, அதைவிடக் கொஞ்சம் குறைவாக உள்ளே, மறுபடி வெளியே. ஒவ்வொரு முறையும் துளி கூடுதலாக வரும். இடையிடையே இன்னும் எண்ணெய். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். எண்ணெய் சிலிண்டருக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கும். பிளக் வெளியே வந்தபின் குழியில் துணியைப் போட்டு மூடி, ஃபியூவல் பம்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சினை ஸ்டார்ட்டரால் சில விநாடி சுற்றினால் வெளியேறிவிடும்.

ஆறிய எஞ்சினில் எதுவும் நடக்காவிட்டால், வண்டியை இரண்டொரு நிமிடம் ஓடவிட்டு ஹெட் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்ததும் முயலலாம். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும் என்பதால் பிடி தளரும். கொதிக்கும் எஞ்சினில் மட்டும் வேண்டாம். அந்தச் சூட்டில் அலுமினிய மரை இளகியிருக்கும், பிளக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும்.

ஃபோர்டின் 5.4 லிட்டர், மூன்று வால்வு வி8 எஞ்சின் இதில் தனிக்கதை. 2004 முதல் 2008 வரை வந்தவற்றில் பிளக்கின் கீழ்ப்பகுதி நீண்ட குழலாக, இரண்டு துண்டை இணைத்துச் செய்யப்பட்டது. அந்தக் குழலைச் சுற்றிக் கரி இறுகிவிடும். திருப்பினால் மேல்பாதி மட்டும் கையோடு வரும். அந்நிறுவனமே கொடுத்த வழிமுறை இதுதான்: அதிகபட்சம் கால் சுற்று மட்டும் தளர்த்தி, கார்புரேட்டர் கிளீனரை விட்டு, 15 நிமிடமாவது ஊறவைத்து, முன்னும் பின்னுமாகத் திருப்புவது. மற்ற எஞ்சின்களுக்கும் பொருந்துகிற வழிதான்.

பீங்கான் மட்டும் உடைந்து குழிக்குள் விழுந்தால், அறுகோணத் தலை இன்னும் ஹெட்டில் இருக்கும்வரை பயமில்லை. வேக்குவம் கிளீனரில் மெல்லிய குழாயைச் சொருகித் துணுக்குகளை எல்லாம் உறிஞ்சி எடுங்கள். அதற்குப் பிறகுதான் மீதியைத் திருப்ப வேண்டும். பீங்கான் துணுக்கு சிலிண்டருக்குள் போனால் சுவரைக் கீறிவிடும்.

கேள்வி: ஒரு சிலிண்டருக்கு இரண்டு பிளக் இருக்கும் ஹோண்டா ஐ-டிஎஸ்ஐ எஞ்சின் என்னுடையது. முன்பக்க நான்கை மாற்றிவிட்டேன். பின்பக்க நான்கு கைக்கு வரவில்லை. அவற்றை அப்படியே விட்டால் என்ன?

பதில்: வண்டி ஓடும். அதனால்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எட்டு பிளக்கும் சேர்ந்து எரிப்பதை வைத்துத்தான் அந்த எஞ்சினின் கணக்கே இருக்கிறது. பின்னால் உள்ளவை தேய்ந்தால் ஒரு பக்கத்துச் சுடர் தாமதமாகும். பிக்கப்பும் மைலேஜும் சன்னமாகக் குறையும். மிஸ் ஆகிற சத்தம் பெரிதாகக் கேட்காது, ஏனென்றால் முன்பக்கத்துப் பிளக் சமாளித்துக்கொண்டிருக்கும். அதைவிட முக்கியம், தேய்ந்த பிளக்கில் இடைவெளி அகலமாகி, அதைத் தாண்டிப் பொறி பாய காயில் கூடுதல் வோல்டேஜ் தர வேண்டியிருக்கும். காயில் போனால் அதைக் கழற்றவும் அதே சந்துக்குள்தானே போக வேண்டும்?

வழி, வைப்பர் கைகளையும் அதற்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியான கவுலையும் கழற்றுவது. பார்க்கப் பெரிய வேலை போல் இருந்தாலும், ஃபயர்வால் பக்கம் இரண்டு கையும் நுழைய இடம் கிடைத்துவிடும். வைப்பர் கை எந்தக் கோணத்தில் நின்றது என்று கண்ணாடியில் டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள்.

வி6 வைத்துக்கொண்டு முன்வரிசை மூன்றோடு நிறுத்துகிறவர்களுக்கும் இதே பதில். பின்வரிசைதான் காற்றோட்டம் இல்லாமல் அதிகம் வேகிற வரிசை.

கேள்வி: சுபாருவில் எஞ்சின் படுத்த நிலையில் இருக்கிறது. பிளக்குக்கும் பக்கத்து ஃபிரேமுக்கும் நடுவே ஒரு ஜாண்கூட இல்லை.

பதில்: பாக்ஸர் எஞ்சினில் சாமானைக் கோத்து எடுத்துக்கொண்டு போனால் நுழையாது. அங்கேயே கோக்க வேண்டும். முதலில் சாக்கெட்டை மட்டும் குழிக்குள் தள்ளுங்கள், அடுத்து எக்ஸ்டென்ஷன், கடைசியாக ராட்செட். வெளியே வரும்போது இதைத் தலைகீழாக. எக்ஸ்டென்ஷன் நீளம்தான் சூட்சுமம்: குட்டையாக இருந்தால் ராட்செட்டின் தலை குழி வாயில் இடிக்கும், நீளமாக இருந்தால் ஃபிரேமில் இடிக்கும். 75 மி.மீ. பெரும்பாலும் பொருந்தும், 50 மி.மீ. ஒன்றும் கையில் இருக்கட்டும்.

ஒரு பக்கம் ஏர் ஃபில்டர் பெட்டியையும் மறுபக்கம் பேட்டரியையும் வாஷர் தண்ணீர் டப்பாவையும் எடுத்துவிட்டால் வேலை பாதி முடிந்த மாதிரி. குழி படுக்கைவாட்டில் இருப்பதால் பிளக் தன் எடையில் கீழே சரியும், மரை தொடங்கும்போது முனை தாழ்ந்து போகும். ஹோஸை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி சுற்றுங்கள்.

கேள்வி: காயிலை இழுத்தால் அதன் ரப்பர் உறையில் எண்ணெய் சொட்டுகிறது. பிளக்கைக் கழற்றலாமா?

பதில்: கழற்றும் முன் எண்ணெயை எடுங்கள். இல்லாவிட்டால் பிளக் வெளியே வந்த நொடியில் அத்தனையும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். நீளமான கம்பியில் துணியைச் சுற்றி ஒற்றி எடுக்கலாம், அல்லது சிரிஞ்சில் சின்னக் குழாய் செருகி உறிஞ்சலாம். காரணம் வால்வு கவர் கேஸ்கெட்டோடு சேர்ந்த பிளக் குழாய் சீல்கள் கெட்டியாகிவிட்டது. சீலை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி நிரம்பும். ரப்பர் உறை எண்ணெயில் ஊறி ஊதிப்போயிருந்தால் அதையும் மாற்றுங்கள். பொறி அதன் பக்கவாட்டில் பாய்ந்து ஹெட்டுக்குப் போய்விடும்.

எண்ணெய் இல்லாவிட்டாலும், எல்லாக் குழியையும் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் பிளக்கைத் தளர்த்தாதீர்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடியுங்கள், மணல் நேராக முகத்துக்குத்தான் வரும்.

கேள்வி: இடைவெளி முன்கூட்டியே சரிசெய்யப்பட்டது என்று இரிடியம் பிளக் பெட்டியில் போட்டிருக்கிறது. அளக்க வேண்டுமா? ஒன்று கைதவறித் தரையில் விழுந்துவிட்டது.

பதில்: அளக்கலாம், ஆனால் நாணயம் போன்ற வட்ட கேஜை உள்ளே நுழைத்து நெம்ப வேண்டாம். இரிடியம் முனை 0.4 முதல் 0.7 மி.மீ. கம்பிதான், கடினமானது, ஆனால் ஒடியக்கூடியது. கம்பி வைத்த கேஜால் உரசாமல் பாருங்கள். மாற்ற வேண்டுமானால் வெளிக்கொம்பை மட்டும் வளையுங்கள். டர்போ எஞ்சின்களில் இடைவெளி சிறியதாக, பலவற்றில் 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும். அழுத்தம் கூடக்கூடப் பொறி தாண்டுவது கடினம் என்பதே காரணம். சாதாரண எஞ்சினுக்கான 1.1 மி.மீ. பிளக்கை அதில் போட்டால் ஏற்றத்தில் அழுத்தும்போது மிஸ் ஆகும்.

விழுந்ததைத் தூக்கிப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் பீங்கானில் இருந்தால் ஐட்லிங்கில் ஒழுங்காக ஓடி, சுமை ஏறும்போது மட்டும் படுத்தும். அதைக் கண்டுபிடிக்க மறுபடி மேனிஃபோல்டைக் கழற்றப் போகிறீர்களா?

கேள்வி: என்ஜிகேயில் 6 என்ற எண் உள்ள பிளக் இருந்தது. கடையில் பாஷ் பிளக்கிலும் 6 இருக்கிறது, அதுவே போதும் என்றார்கள்.

பதில்: போதாது. அந்த எண் பிளக்கின் வெப்ப வகையை, அதாவது அது எவ்வளவு வேகமாகச் சூட்டை இறக்கும் என்பதைக் குறிப்பது (வேகமாக இறக்குவது குளிர்ச்சியான பிளக்), ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு அளவுகோல். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் சூடானது. எண்ணை எண்ணோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் எஞ்சினுக்கு அந்த நிறுவனம் பட்டியலில் கொடுத்துள்ள முழுக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். மரை நீளம் 19 மி.மீ.யா, 26.5 மி.மீ.யா என்பதையும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒத்துப்பாருங்கள். நீளமானது பிஸ்டனில் இடிக்கலாம்.

எட்டாத இடத்துக்கு எது நல்லது என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். நிக்கல் பிளக் 30,000 – 40,000 கி.மீ., இரிடியமோ இரட்டை பிளாட்டினமோ சுமார் 1,00,000 கி.மீ. என்பது பொதுக் கணக்கு. மேனுவல் அனுமதித்தால் நீண்டநாள் வருவதையே போடுங்கள்.

கேள்வி: எல்லாம் மாற்றி முடித்தபிறகு வண்டி நடுங்குகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0304 வருகிறது.

பதில்: விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து, அதை உருக்கிவிடும்.

பி0304 என்றால் நான்காம் சிலிண்டர் மிஸ். நான்காவது எது என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். சில வி6 எஞ்சின்களில் ஒரு வரிசை 1, 2, 3, மறு வரிசை 4, 5, 6. வேறு சிலவற்றில் 1, 3, 5 ஒரு பக்கம், 2, 4, 6 மறுபக்கம். தவறான சிலிண்டரைக் குடைந்துகொண்டிருப்பவர்கள் அதிகம்.

காயிலின் கனெக்டர் 'கிளிக்' என்று பூட்டியிருக்கிறதா, காயில் முழுவதும் அடிவரை அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இதோடு தீரும். தீராவிட்டால் அந்தக் காயிலை எளிதில் எட்டும் ஒரு சிலிண்டருக்கு, உதாரணமாக இரண்டுக்கு, மாற்றிப் போட்டு வண்டியை ஓட்டுங்கள். ஸ்கேனரில் வரும் குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. காயிலைப் பிடுங்கும்போது முறுக்காமல் இழுத்து அதன் ரப்பர் கிழிந்திருக்கலாம். மாறாவிட்டால் பிளக், அதுவும் இல்லையென்றால் மேனிஃபோல்டு கழற்றும்போது தட்டுப்பட்ட இன்ஜெக்டர் கனெக்டர்.

ஒரு சிலிண்டரில் நிற்காமல் பி0300, அதோடு பி0171 அல்லது பி0174 என்று வந்தால் பிளக்கை விட்டுவிடுங்கள். அது எங்கோ காற்று இழுக்கிறது என்பதற்கான அடையாளம்: போட மறந்த வேக்குவம் ஹோஸ், மடிந்த மேனிஃபோல்டு கேஸ்கெட். எடுத்து வைத்த படங்கள் இப்போது உதவும். பேட்டரி கழற்றியதால் முதல் சில நிமிடம் ஐட்லிங் ஏறி இறங்குவது மட்டும் சகஜம், தானே சரியாகும்.

கேள்வி: மரை போய்விட்டது. பிளக் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை. இன்சர்ட் போடும் கிட்டை வாங்கி நானே செய்யலாமா?

பதில்: முதல் ஒன்றிரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்தால் 14 மி.மீ., 1.25 பிட்ச் மரை சுத்தம் செய்யும் 'டாப்' கருவியை, அதன் பள்ளங்களில் தடித்த கிரீஸ் அப்பி, கையால் நேராக இறக்கினால் மீட்டுவிடலாம். கிரீஸ், துருவல் சிலிண்டருக்குள் விழாமல் பிடித்துக்கொள்ளும். கால் சுற்றுக்கொரு முறை வெளியே எடுத்துத் துடைத்துப் புதிதாக அப்ப வேண்டும். பிஸ்டன் கீழே இருக்கும் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழு மரையும் போயிருந்தால் ஓட்டையைப் பெரிதாக்கி இன்சர்ட், அதாவது புது மரை உள்ள உள்ளுறை, இறக்க வேண்டும். சுருள் கம்பி வகையைவிடக் கெட்டியான குழல் வகை நீடித்து நிற்கும், பிளக்கோடு சேர்ந்து வெளியே வராது. ஆனால் ஆழமான குழியில், பார்வையே போகாத இடத்தில் டாப் கருவி ஒரு டிகிரி சாய்ந்தாலும் பிளக் கோணலாக உட்காரும், அடிப்பகுதி முழுவதும் ஒட்டாது. திறந்தபடி இருக்கும் முன்வரிசையில் என்றால் துணிந்து செய்யுங்கள். ஃபயர்வால் பக்கத்துச் சிலிண்டர் என்றால், அதற்கென்று வழிகாட்டிக் குழலோடு கூடிய கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிடிப்பில்லாத பிளக் காயிலையும் சேர்த்துக்கொண்டு வெளியே தெறிக்கும்.